புழல் பேப்பர்

என் மாமனார் செபஸ்தியானுக்கு விசா ஃபாரம் நிரப்பியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் ஃபராஸ் பாயின் டிராவல்ஸ் ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஒன்பது வருஷமாக எனக்கு இதுதான் வேலை. இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கும் நிரப்புவேன், வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிற சொந்தக்காரர்களுக்கும் நிரப்புவேன். நான் நிரப்பிய ஃபாரம் திரும்பி வராது. இது என் தற்பெருமை இல்லை, பாய் கஸ்டமர்களிடம் சொல்வது. ஆஷாவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடுங்கள் என்பார்.

என் அம்மா கெங்கம்மா பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் மீன் விற்றவள். மீன் விற்றே என்னை பி.காம். படிக்க வைத்தாள். நான் நிக்சனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான், குடிப்பானா என்று. குடிக்க மாட்டான் என்றேன். அப்படியென்றால் சரி என்றாள். அவன் கிறிஸ்தவன், அகதி, சொந்த வீடு வாசல் இல்லாதவன் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

நிக்சனுக்கு ஊர் இலங்கையில் மன்னார் பக்கம் பேசாலை. சண்டை நடந்த காலத்தில், பதினைந்து வயதில் அவன் அம்மாவோடு படகேறி ராமேஸ்வரம் வந்தான். அப்பா படகுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டார். அம்மா முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதன் பிறகு சாந்தோமில் இருந்த சின்னம்மா இவனைக் கூட்டி வந்து வளர்த்தாள். இப்போது ராயப்பேட்டையில் அலுமினியக் கதவு செய்கிற கடையில் வேலை பார்க்கிறான். கையில் அகதி அட்டை இருக்கிறது, பாஸ்போர்ட் கிடையாது. ஒரு தடவை இந்த நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அப்பனும் பிள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அப்பன்தான் இங்கே வரவேண்டும்.

எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அம்மா அன்றைக்கு அரக்குப் பட்டுக் கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, கையைப் பத்து தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தாள். சம்பந்தியிடம் பேசவேண்டும் என்று அவளுக்கு ஆசை. நிக்சன் வீடியோ கால் போட்டான். அம்மா போனுக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மகனிடம் சொன்னார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"அந்தக் கூடைக்காரியின்ர முகத்தை எனக்குக் காட்டாத."

இரண்டு படகு வைத்திருக்கிறவருக்குக் கூடை தூக்குகிறவள் கேவலம். அவர் பிடிக்கிற மீன் நாறாது, எங்கம்மா விற்கிற மீன் மட்டும் நாறும் போலிருக்கிறது. நான் போனைப் பிடுங்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடு கண்ணு, வயசான மன்சன்" என்றாள். கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்தாள். அந்தப் புடவையை அதற்குப் பிறகு அவள் கட்டவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அவள் போனபோது நான்தான் கட்டிவிட்டேன்.

போன வருஷம் ஆடி மாசம் நிக்சன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கப்பாருக்கு ரெண்டு கண்ணும் போய்க்கினு கீது ஆஷா. ஆறு மாசம் தாங்குனா ஜாஸ்தின்ட்டாராம் டாக்டரு. அதுக்குள்ள என்னியும் பாப்பாவையும் ஒரு தபா நேர்ல பாத்துடணும்ன்றாரு. நீதான் எதுனா பண்ணணும்."

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். ஓரத்திலிருந்து இருட்டாகி, இப்போது நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரிகிறதாம். வீடியோ காலில் அவர் போனை மூக்கோடு ஒட்டிப் பிடிப்பார், எங்களுக்கு அவருடைய நெற்றிதான் தெரியும். பாப்பா ஷெரினுக்கு அப்போது ஐந்து வயது. தாத்தா ஏன் எப்பவும் மண்டையைக் காட்டுகிறார் என்று கேட்பாள். பண்ணித் தருகிறேன் என்று நிக்சனிடம் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நல்லபடியாகப் பண்ணித் தருவதாகத்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைப் போனில் கூப்பிட்டேன். நிக்சன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குப் போயிருந்தான். ஃபாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், தொழில். ஸ்கூல் பிள்ளை மாதிரி அடக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இதற்கு முன் இந்தியா வந்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். அதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.  

"நிக்சன் பக்கத்தில நிக்கிறானோ பிள்ள?"

இல்லை என்றேன்.

"வந்திருக்கிறன். புழல்ல நாலு மாசம் இருந்தனான்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், காற்று இழுத்து, கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கடலோரக் காவல்படை பிடித்து, கோர்ட்டில் நிறுத்தி, ஐந்து பேரைப் புழல் சிறையில் போட்டது. நாலு மாசம் கழித்துக் கேஸை வாபஸ் வாங்கி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கேள்வி, எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்பது. அதற்கு அவர் பட்டென்று இல்லை என்றார். நான் திகைத்துப்போய், அப்படியானால் புழல் என்று இழுத்தேன். "அது கைது இல்லப் பிள்ள, கோடு தாண்டினது" என்றார். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், எங்கள் குப்பத்திலும்தான். திருடினால், அடித்தால் கைது. கோடு தாண்டிப் பிடிபடுவது மழையில் நனைவது மாதிரி, அதை யாரும் குற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த நாலு மாசமும் நிக்சன் இதே ஊரில்தான் இருந்தான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் அகதி அட்டையோடு சிறை வாசலில் வந்து நிற்பான், போலீஸ் அவனையும் துருவ ஆரம்பிக்கும். அந்தப் பயத்தில் அவர் தகவலே அனுப்பவில்லை. ஊரில் உள்ளவர்கள் அவனிடம், திருகோணமலைக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். இதை நிக்சனிடம் சொல்லிவிடாதே என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டார். கேஸ் முடிந்த கோர்ட் பேப்பர் தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாராம். பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினார். சீலெல்லாம் தெளிவாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பேப்பர் இருந்தால் அவர் வந்திருக்கலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு இதே மாதிரி ஒருவருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். இரண்டு கேள்விக்கும் ஆமாம் போட்டு, கோர்ட் பேப்பரை இணைத்து, ஆன்லைனில் இல்லாமல் யாழ்ப்பாணத்து இந்தியத் தூதரக ஆபீஸில் நேரில் போய்க் கொடுக்கவேண்டும். ஏழு வாரம் ஆனது. மாமனாருக்கு டாக்டர் கொடுத்திருந்தது ஆறு மாசம். தாராளமாக நேரம் இருந்தது.

நாலு மாசம் ஒரே ஊரில் மகனைப் பார்க்காமல் இருந்தாரே என்று எனக்கும் ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. அந்த நேரம் பார்த்து அவர் உரிமையோடு ஒன்று கேட்டார்.

"தாய் சுகமா இருக்கிறாவோ?"

அம்மா செத்து ஐந்து வருஷம் ஆகிறது மாமா என்றேன். ஓ, அவன் சொன்னவன்தான், மறந்துபோனன் என்றார். சொல்லிவிட்டு, டிக்கெட் எப்போது போடலாம் என்று கேட்டார்.

நான் போனை வைத்தேன். முன்பு இந்தியா வந்ததுண்டா, இல்லை. கைது செய்யப்பட்டதுண்டா, இல்லை. இரண்டு கிளிக். போட்டோவை அழித்தேன், அழித்தவை போய்ச் சேருகிற இடத்திலிருந்தும் அழித்தேன்.  நல்ல பசி வந்தது, ஒரு தட்டு சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் விசா வந்துவிட்டது. அது வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் இல்லை போட்ட அறுபத்தேழு வயதுக் கிழவருக்கு ஏன் வராது? அன்று சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, ஒரு பிள்ளைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னேன்.

"மாமா, அந்தப் புழல் பேப்பர மறக்காம கையில எடுத்துக்கினு வாங்க. ஏர்போர்ட்ல கவுன்டர்ல இருக்குறவரு கேக்கறதுக்கு முன்னாடியே நீங்களா எடுத்துக் காட்டிடுங்க."

ஓம் பிள்ள, ஓம் பிள்ள என்றார். ஃபாரத்தில் இல்லை, கையில் ஆமாம். பொய் சொல்லி விசா வாங்கியவரை எந்த நாட்டுக் கவுன்டரிலும் உள்ளே விடமாட்டார்கள், மறுபடி விசாவும் கொடுக்கமாட்டார்கள். அவர் இங்கே வந்து இறங்கவேண்டும், மகன் வெளியே நிற்கவேண்டும், நடுவில் ஒரு சுவர் இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

அந்த மூன்று வாரம் நிக்சன் தரையில் நடக்கவில்லை. முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். அப்பாவுக்கு இடறாமல் இருக்கட்டும் என்று கதவுப் படிக்கு வெள்ளைப் பட்டை தீட்டினான். கடையில் மிஞ்சிய அலுமினியத்தில் குளியலறைக்குக் கைப்பிடி செய்து மாட்டினான். கபாலி கோயில் பக்கம் போனவன் எனக்கு நாலு முழம் மல்லிகை வாங்கி வந்து, நானே அவனுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்த தெய்வம் என்றான். வெட்கமில்லாமல் அந்தப் பூவை வைத்துக்கொண்டேன். ஃபராஸ் பாய் ஒரு நாள் ஆபீஸில், மீன்பிடிக்கிறவராயிற்றே, பழைய கேஸ் ஏதாவது உண்டா, கேட்டாயா என்று விசாரித்தார். கேட்டேன், ஒன்றும் இல்லை என்றேன். பாய்க்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை, இன்னொரு முறை கேட்கவில்லை.

கிண்டியில் மெட்ரோ ஏறி ஏர்போர்ட் போனோம். யாழ்ப்பாணத்து விமானம் மத்தியானம் வருகிறது. ஷெரினுக்குப் புதுக் கவுன். தாத்தாவுக்குத் தெரியவேண்டும் என்று நல்ல மஞ்சள் நிறத்தில் அவன்தான் தேடி வாங்கினான். விமானம் இறங்கிவிட்டதாகப் போர்டில் வந்தது. பனங்கட்டிப் பையோடு ஒரு பெண் வந்தாள், வேட்டி கட்டிய இருவர் வந்தார்கள், ஒரு குடும்பம் வந்தது. பிறகு யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. நிக்சன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தான். கண் சரியில்லாததால் மெதுவாக வருவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. சத்தத்தில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, என்னை உள்ள விடுகினம் இல்ல. நாளைக்கு பிளேன்ல திருப்பி அனுப்பப் போகினம்" என்றார் மாமனார். குரல் நிதானமாக இருந்தது. புழலில் இருந்ததை அவரே சொன்னார். எந்த வருஷம், எத்தனை மாசம் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் அடுத்து என் பெயர் வரும் என்று நின்றேன்.  

"பிள்ளையிட்டயும் மறைச்சுப்போட்டன். அவள் கேட்டவள், நான்தான் இல்லையெண்டு சொன்னனான். என்ர பிழை."

நிக்சன் சென்னைக்காரனாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்பாவிடம்கூட இங்கத்துப் பேச்சு கலந்துதான் பேசுவான். அன்றைக்கு அவனுடைய ஊர்ப் பேச்சு அப்படியே திரும்பி வந்தது.

"நாலு மாசம். நான் இருந்த ஊரில. எனக்குச் சொல்லேல்ல. இப்ப, உங்களுக்காக இவ்வளவு பாடுபட்டவளிட்டயும் பொய். நீங்கள் ஒரு அப்பாவோ?"

 அங்கே ஒரு அதிகாரி நல்லவர், வெளியே விடாவிட்டாலும் கண்ணாடிக் கதவுவரை கூட்டி வருகிறேன் என்கிறார், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நில், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கேட்டார். இனி எனக்குப் போன் செய்யாதீர்கள் என்று சொல்லி நிக்சன் கட் பண்ணிவிட்டான். ஷெரினைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோ பக்கம் நடந்தான். தாத்தா எங்கே என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான். கொஞ்சம் நில்லு, கண்ணாடிகிட்ட போ என்று சொல்லியிருந்தாலே போதும். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடிக்குப் போனது நான். எதற்குப் போனேன் என்றால், ஜெயித்ததைப் பார்க்கத்தான்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு பனையோலைப் பெட்டி. வீட்டிலிருந்த பழைய போட்டோவில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார். ஒரு அதிகாரி முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தினார். அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, இரண்டு கையாலும் கண்ணோரத்தை மறைத்துக்கொண்டு தேடினார். முதலில் கீழே, குழந்தை உயரத்தில் தேடினார். அப்புறம் எனக்குப் பின்னால் தேடினார். கடைசியில் அந்தச் சின்ன வட்டத்துக்குள் என் முகம் அகப்பட்டது. நான் அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருப்பேன், மீன் மார்க்கெட்டில் எல்லாரும் சொல்வார்கள். அவர் என் அம்மா முகத்தைப் பார்த்ததே இல்லை, அதனால் அவருக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து என் பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். புழல் பேப்பர். கவுன்டரில் காட்டுவது மாதிரி, நேராக, சீல் தெரியும்படி பிடித்தார். பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். இதை உனக்கு அனுப்பினேன் அல்லவா என்று அவர் வாய் அசைந்த மாதிரி இருந்தது. நான் ஆமாம் என்றும் தலையசைக்கவில்லை, இல்லை என்றும் தலையசைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கவரை மடித்துப் பையில் வைத்து, தடவித் தடவிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்த அதிகாரி மறுபடி முழங்கையைப் பிடித்தார்.

அன்று ராத்திரி நிக்சன் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வெள்ளை அடித்த அறைக் கதவைச் சாத்தச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, "நீ நல்லவ ஆஷா. உன்னியப் போய் ஏமாத்திக்கீறாரு பாரு" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் அப்பாவின் நம்பரை பிளாக் பண்ணினான். சின்னம்மா வந்து அழுது பார்த்தாள், அசையவில்லை. இப்போது தை மாசம். போன வாரம் ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மாமனார். ஏர்போர்ட்டுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. இரண்டு கண்ணும் முழுக்கப் போய்விட்டது, போனைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்தான் போட்டுக் கொடுத்தாள் என்றார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பித் திட்டுவதற்கு ஏழு வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறேன்.

"பிள்ள, நீ ஏன் செய்தனி எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு உன்ர தாய் கும்பிட்டவ. நான் கண்டனான்."

 அன்றைக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கண்ணாடியில் என் முகத்தில் அவர் யாரைப் பார்த்தார்?

"அவனிட்டச் சொல்லிப்போடாத" என்றார். "அவனுக்கு அங்க உன்னை விட்டா ஆர் இருக்கினம்? என்னிலயே கோவமா இருக்கட்டும்."

வைத்துவிட்டார். எனக்கு ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது. அவர் கொடுத்ததை நான் கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. முன் அறையில் நிக்சன் பாப்பாவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். யார் போனில் என்று கேட்டான்.

"கஸ்டமரு" என்றேன். "விசா வரலையாம்."

அவன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குக் கிளம்பினான்.